வாழை வாடல் நோய்: ஃபார்மோசானாவா, மரபணு மாற்றமா, மரபணுத் திருத்தமா?

நம் ஊரில் ஜி-9 என்று நடும் வாழை கேவண்டிஷ் குடும்பம். அதன் எமன், வாடல் நோயை உண்டாக்கும் டிஆர்4 என்ற பூஞ்சை. அடியிலை ஓரத்தில் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கிவிடும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள். பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், மருந்து அடித்தும் பலனில்லை. விதையில்லாப் பயிர் என்பதால் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்குவதும் பெரும்பாடு.

இப்போதைக்குக் கைக்கு எட்டுவது தைவானின் ஃபார்மோசானா. திசு வளர்ப்பில் தற்செயலாக மாறும் கன்றுகளிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். தார் வெட்ட நாளாகும், முழு எதிர்ப்பும் கிடையாது. ஆனாலும் பிலிப்பைன்ஸில் நோய் விழுந்த நிலங்களில் இதை நட்டுச் சமாளிக்கிறார்கள். மரபணு மாற்றப் பயிருக்கான அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை என்பது லேசான விஷயமா?

மரபணு மாற்றத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானி ஜேம்ஸ் டேலின் குழு, நோய் தாங்கும் காட்டு வாழையின் ஆர்ஜிஏ2 மரபணுவை கேவண்டிஷில் புகுத்தியது. நோய் மண்ணில் மூன்றாண்டு நட்டுப் பார்த்தும் அப்படி உருவாக்கிய வாழைகளில் ஒரு வகை வாடவில்லை. பக்கத்துச் சாதாரண வாழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. 2024-இல் பயிரிடவும் உண்ணவும் அங்கே அனுமதியும் கிடைத்தது. ஆதாரத்தில் இதுதான் முன்னணி. ஆனால் மரபணு மாற்றப் பழம் என்றதும் வாங்குகிறவர் தயங்குவாரே, அதற்கு என்ன செய்வது?

அப்புறம் மரபணுத் திருத்தம், அதாவது செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்வது. அதே ஆர்ஜிஏ2-வின் உறவுக்கார மரபணு கேவண்டிஷிலேயே இருக்கிறது, ஆனால் மந்தமாக. எதிர்ப்புள்ள அந்த மரபணு மாற்ற வாழையோடு ஒப்பிட்டால் அதன் வேகம் பத்தில் ஒரு பங்குதான். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவராமல் இதைத் தட்டி எழுப்பலாம் என்பதே கணக்கு. சிக்கல் வேறு இடத்தில். திருத்துவதற்காக டிஎன்ஏவை வெட்டும் கருவியான கேஸ்9 என்ற புரதத்தின் மரபணுவையும் வழக்கமாகச் செடியின் டிஎன்ஏவுக்குள் செருகுவார்கள். நெல்லில் அடுத்த தலைமுறையிலேயே அது இல்லாத செடியைப் பிரித்தெடுத்துவிடலாம். விதையே இல்லாத வாழையில் அது அப்படியே தங்கிவிடும். மரபணு மாற்றப் பயிர்களுக்கான கட்டுப்பாட்டிலிருந்து இந்தியா 2022-இல் தந்த விதிவிலக்கு அந்நிய டிஎன்ஏ இல்லாத திருத்தப் பயிருக்கு மட்டும்தான். ஆகவே கேஸ்9-ஐப் புரதமாகவே நேரடியாகச் செல்லுக்குள் செலுத்தி, அந்த ஒற்றைச் செல்லிலிருந்து முழு வாழையை வளர்த்தாக வேண்டும். வாழையில் அது சாமானிய வேலை இல்லை.

என்னைக் கேட்டால், இன்றைக்கு நோய் விழுந்த நிலத்துக்கு ஃபார்மோசானா. ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறவர்கள் திருத்தத்தில் போடட்டும், அதிலும் முதலில் அந்தப் புரத வழியில்.