காம்போசிஷனா, ரெகுலரா? எல்லையோரக் கடைக்கு எது தோது

2025 செப்டம்பர் 22ல் ஜிஎஸ்டி பெரும்பாலும் 5, 18 என்று இரண்டு விகிதமாகச் சுருங்கியது. தாமரைக்காரர் அதைச் சாதனை என்பார். கைக்காரரும் சூரியன்காரரும் எட்டு வருஷம் கழித்துத்தானா என்பார்கள். அரிவாள்காரருக்கு மாநில வருவாய்க் கவலை. கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: விற்பனையில் சிறு சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போகும் காம்போசிஷனிலேயே இருப்பதா, பில்லில் வரி வாங்கிக் கட்டும் ரெகுலருக்கு மாறுவதா?

காம்போசிஷனின் சௌகரியம் தெரிந்ததே. விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை வியாபாரிக்கு விற்பனையில் 1 சதவீத வரி, அதைக் கட்டக் காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08 படிவம், வருஷத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டன். பில்லில் வரி வாங்க முடியாது, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டும் கிடையாது. (ஓட்டலுக்குக் கணக்கே வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.)

கேரள எல்லைப் பக்கமுள்ள மார்த்தாண்டம், களியக்காவிளைக் கடைகளுக்கு ரெகுலர்தான் சரி. காரணம் எல்லை. காம்போசிஷன்காரர் கேரளத்திலிருந்து வாங்கலாம், கேரளத்துக்கு விற்கக்கூடாது. கடைக்கு வந்து கையோடு எடுத்துப்போனால் உள்ளூர் விற்பனைதானே என்று பலர் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது பில்லைப் பொறுத்தது. ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால், அந்த முகவரிதான் விற்பனை நடந்த இடம். மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே போதும். முகவரியே இல்லையென்றால்தான் கடை இருக்கும் இடம். மிக்சிக்கு வாரண்டி வேண்டுமென்று கேரளத்துப் பாறசாலை முகவரியைப் பில்லில் எழுதினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. 32ல் தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துச் சரக்கை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பச் சொன்னாலும் அப்படியே.

அப்படி ஒரு பில் போட்டால் அன்றோடு தகுதி போய்விடும். ஏழு நாளில் காம்போசிஷனிலிருந்து விலகும் சிஎம்பி-04 படிவம் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் 1 சதவீதமே கட்டிவந்தால், பின்னால் நோட்டீஸ் வரும்போது முழு வரியும் வட்டியும் அபராதமும் கைக்காசிலிருந்துதான் போகும், வாடிக்கையாளரிடம் வாங்கியிருக்க மாட்டோமே.

5 சதவீதத்துக்கு இறங்கிய சரக்குக்கு லாபக் கணக்கும் இப்போது ரெகுலர் பக்கம்தான். வாடிக்கையாளர் கொடுக்கும் விலை ஒன்றே என்று வைத்துக்கொண்டால், வரி நீங்கலாக 100 ரூபாய்க் கொள்முதலில் 18 சதவீதப் பொருளுக்கு லாபம் 7 ரூபாய் தாண்டினாலே காம்போசிஷன் மிச்சம். பழைய 12 சதவீதத்தில் அது பத்து ரூபாய்க்குச் சற்று மேல். 5 சதவீதத்திலோ 27 ரூபாய் வேண்டும். பாத்திரம், குடை, சைக்கிள் எல்லாம் 12லிருந்து 5க்கு வந்தவை. பாத்திரக்கடையில் அந்த லாபம் எங்கே நிற்கிறது?

ரெகுலருக்கு மாறும்போது கையிருப்புச் சரக்கின் கிரெடிட்டை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதைக் கேட்டு முப்பது நாளில் ஐடிசி-01 படிவம் போட வேண்டும், ஒரு வருஷத்துக்குட்பட்ட கொள்முதல் பில் இருந்தால்தான் செல்லும். கிரெடிட் 2 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டர் சான்றும் வேண்டும். பிறகு விற்றுமுதல் ஐந்து கோடி வரை க்யூஆர்எம்பி என்ற திட்டம் இருப்பதால் ரிட்டன் காலாண்டுக்கு ஒரு முறைதான், முதல் இரண்டு மாத வரியை மட்டும் அடுத்த மாதம் 25க்குள் கட்டிவிட வேண்டும்.

எல்லையைவிட்டுத் தள்ளியிருக்கும் பூதப்பாண்டி, தோவாளைப் பக்கம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் 18 சதவீதச் சரக்கு விற்கும் சின்னக் கடைகள் காம்போசிஷனிலேயே இருக்கட்டும்.