வெள்ளவத்தையில் கதை வாசித்துத் தரும் ரீச்சர்: ராசையா பெரியப்பாவைக் கொல்வதா, விடுவதா?

நாவல் ஒன்றை எழுதி முடித்துவிட்டு, வாசித்து உள்ளதைச் சொல்ல ஆளில்லாமல் திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் பிரதி வாசித்துத் தருகிற ஓர் அம்மா இருக்கிறார். பத்திரிகையில் ஒப்புநோக்குநராக, அதாவது அச்சுப்பிழை திருத்துகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை, ஆனாலும் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சிவப்புப் பேனையைக் கண்டால் உங்கள் வாயிலும் அதுதான் வரும். பெயரையும் போன் இலக்கத்தையும் எங்கும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் எழுதுகிற யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள்.

பக்கத்துக்கு 40 ரூபாய். ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், எழுத்து 14 அளவில், வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விட்டு அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல், வட்ஸ்அப் ஒன்றும் சரிவராது. ஆகக் குறைந்தது ஒரு மாதம் எடுப்பார். நடுவில் போன் பண்ணி ஞாபகப்படுத்தினால், "அவசரமெண்டால் வந்து கொண்டுபோம் பிள்ளை" என்று வைத்துவிடுவார்.

நான் போனது ஒரு கேள்விக்கு விடை தேடி. என் குறுநாவல் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் நடக்கிறது. முதலாளி ராசையா பெரியப்பா. யாருக்கு எத்தனை மூட்டை பருப்பு, எத்தனை மூட்டை வெங்காயம் கடனாகப் போனது என்பது பாதி கொப்பியில், பாதி அவருடைய தலையில். தம்பி மகன் சுதன் கடையில் நிற்கிறான், வீடு கொட்டாஞ்சேனையில். டிசம்பர் நடுவில் தொடங்கும் கதை தைப்பொங்கலன்று முடிகிறது. மொத்தம் 11 அத்தியாயங்கள். ஒன்பதாவதில் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து, கல்லாப்பெட்டிக்கு முன்னாலேயே போய்விடுகிறார். அவர் இருக்கும்வரை சுதன் வாயே திறக்கமாட்டான், அதனால்தான் கொன்றேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கொல்வதா விடுவதா என்று யாராவது தீர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ரீச்சர் தீர்த்தெல்லாம் சொல்லமாட்டார். அவர் தருவது ஒரு மட்டை. பிரதியோடு ஒரு பெரிய பிரிஸ்டல் மட்டையில் கட்டம் போட்டுத் தருகிறார். மேலே அத்தியாய எண்கள், இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்கள். ஆள் நேரில் வரும் அத்தியாயத்தில் ஒரு புள்ளி. ஆள் இல்லாத இடத்தில் மற்றவர்கள் அவரைப் பற்றிக் கதைத்தால், நினைத்தால், பயந்தால் ஒரு வட்டம். பெரியப்பாவின் வரிசையை விரலால் தடவிக் காட்டினார். ஒன்பது வரைக்கும் புள்ளிகள். பத்தும் பதினொன்றும் வெள்ளைக் கட்டம். அந்த வரிசை முழுவதிலும் ஒரு வட்டமாவது இல்லை.

"இந்த மனிசன் அறையை விட்டு வெளிய போனவுடனை ஒருத்தரும் இவரை நினைக்கேல்லை. செத்தாப் பிறகும் நினைக்கேல்லை. அப்ப இவர் செத்தா ஆருக்கு நட்டம்?"

மரைன் டிரைவ் பக்கம் ரயில் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். "திருகோணமலையில மகள் இருக்கிறா எண்டு எழுதியிருக்கிறீர். அங்க அனுப்பிவிட்டா என்ன? கதையில என்ன மாறும்?" யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மாறாது. அவர் போனாலும் சுதன் வாய் திறப்பான், கடையை நடத்துவான்.

உண்மையில் பெறுமதியானவை ஓரக் குறிப்புகள்தான். பத்தாம் அத்தியாயத்தின் இடது ஓரம் முழுவதும் சிவப்பாக இருந்தது. கடையில் ஒரு மனிதர் செத்திருக்கிறார், மரண அறிவித்தல் எங்கே? உடலை வீட்டில் வைத்தார்களா, மலர்ச்சாலையிலா? எந்த மயானத்துக்குக் கொண்டுபோனார்கள், கனத்தைக்கா, மாதம்பிட்டிக்கா? கொள்ளி வைத்தது யார்? எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் சமைத்தது யார்? கடைசியாக, இரண்டு முறை கோடு போட்டு: "31ஆம் நாள் அந்தியேட்டி. அதுவரை துடக்கு. இவர்கள் எப்படிப் பொங்குகிறார்கள்?" அந்தியேட்டி என்ற சாவுச் சடங்கு முடியும்வரை வீட்டில் தீட்டு, பொங்கல் கிடையாது. என் கடைசி அத்தியாயம் முழுவதும் பொங்கல் பானைதான். ஜனவரி முதல் வாரத்தில் பெரியப்பாவைக் கொன்றால் அந்தப் பானையை அடுப்பில் ஏற்றவே முடியாது.

பிறகு கோவலனுக்கு வந்தார். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் கொலைக்களக் காதை 16ஆவது. அவன் செத்த பிறகும் இன்னும் 14 காதைகள் கிடக்கின்றன. வழக்காடுவதற்கு, மதுரை எரிவதற்கு, வஞ்சியில் கண்ணகிக்குக் கல் நாட்டுவதற்கு எல்லாம் இடம் இருக்கிறது. "நீர் கொல்லுறதெண்டா நேரத்தோடை கொல்லும்" என்றார். அலுப்பில் கொல்கிறவர்களும் உண்டு. ஷேர்லொக் ஹோம்ஸை ஆர்தர் கொனன் டொயில் 1893இல் அருவியில் தள்ளினார், வேறு எழுத வேண்டும் என்று. 1903இல் திரும்ப உயிரோடு கூட்டி வர வேண்டியதாயிற்று. எனக்கு அந்த அளவுக்கு வாசகர்கள் கிடையாது, யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

இனிக் குறைகள். ரீச்சருக்குத் தெரிந்தது வீடு, சடங்கு, மொழி. கடையும் காசும் அவ்வளவாகத் தெரியாது. நான் வங்கியில் வேலை செய்கிறேன், எனக்கு உறைத்தது வேறொன்று. கடை பெரியப்பாவின் தனிப்பெயரில், நடைமுறைக் கணக்கும் அவர் பெயரில். இறக்குமதிக்காரருக்கு அவர் கொடுத்து வைத்த பின்திகதியிட்ட காசோலைகள் இருக்குமே? கணக்குக்காரர் இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்தவுடன் அந்தக் காசோலைகளுக்குக் காசு கொடுக்கக்கூடாது, அது சட்டம். திருகோணமலைக்குப் போன பெரியப்பா அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். செத்த பெரியப்பாவால் முடியாது. சுதன் ஒரு பக்கம் மரண அறிவித்தலுக்குப் பத்திரிகைக்காரரோடு கதைக்க வேண்டும், மறுபக்கம் செய்தி வங்கிக்கு எட்டாதா என்று வேண்ட வேண்டும். சாவு இல்லாமல் வரவே வராத சிக்கல் இது. ரீச்சரின் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது, ஆனால் விடை அவருடைய மட்டையில் இருக்கவில்லை.

இன்னொரு குறை, பேச்சு மொழி. சுதன் கொட்டாஞ்சேனைப் பொடியன், நண்பர்களோடு "அடோ மச்சான்" என்றுதான் தொடங்குவான். ரீச்சர் ஓர் "அடோ"வையும் விட்டு வைக்கவில்லை, எல்லாவற்றையும் வெட்டி "டேய்" போட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொண்டேன். உரையாடலுக்கு அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். காதல் வரும் பக்கங்களில் ஒரு குறிப்புக்கூட இல்லை, வாசித்தாரா என்பதே சந்தேகம். பாராட்டை எதிர்பார்த்தும் போகாதீர்கள். எனக்குக் கிடைத்தது, மூட்டை தைக்கும் சாக்கு ஊசியைப் பற்றிய ஒரு பந்தியின் ஓரத்தில் ஒரு "சரி".

மற்றபடி கொடுத்த காசுக்கு நட்டமில்லை. பெரியப்பா இப்போது நாலாம் அத்தியாயத்தில், டிசம்பர் 20ஆம் திகதியளவில் சாகிறார். பொங்கல் இல்லை, பானை அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டேன். சாவதற்கு முந்திய மூன்று அத்தியாயங்களில் அவர் இல்லாத இடங்களில் அவரைக் கொண்டுவருவதுதான் இப்போது வேலை. சீனி போடாமல் பிளேன்ரீ குடிக்கும்போதெல்லாம் சுதன் கதவுப் பக்கம் பார்க்கிறான், அப்படி.

போகிறவர்களுக்கு: கவிதை வாசிப்பதில்லை, கொண்டுபோக வேண்டாம். பிரதியை நூலால் கட்டிக் கொடுங்கள், ஸ்டேப்ளர் பின் அடித்தால் திருப்பித் தந்துவிடுவார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் இஞ்சி போட்ட தேத்தண்ணீர் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார்.