மோனோவா, கேட்டமரானா, ரிக்கரா: ரிமோட் ரேஸ் படகுக்கு எந்த உடல், எந்த மோட்டார்?

இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மோட்டார் வாங்கலாம்?” என்பதுதான். அடுத்தது, “எத்தனை கேவி?”, அதாவது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மேசை மேல் பளபளவென்று ஒரு பிரஷ்லெஸ் மோட்டார் உட்கார்ந்திருந்தது, அதை வைக்கப் படகே இல்லை. எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசின கதை.

என் கணக்கில் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு படகின் உடல், அதற்குப் பொருந்தும் புரொபெல்லர். மோட்டாரும் பேட்டரியும் கடைசியில். நீங்கள் ஓட்டப்போகிற ஏரியில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பி அலை அரை அடி ஏறுமா, இல்லை கண்ணாடி மாதிரி கிடக்குமா? கரையோரம் பாசி உண்டா? படகு நடுவில் நின்றுவிட்டால் எடுத்து வர வழி இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மோனோ

ஒற்றை உடல், அடிப்பாகம் ‘வி’ எழுத்து வடிவம். நிஜப் படகுலகில் இதன் பெருமையை எல்லோருக்கும் காட்டியது 1960ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் நகருக்கு நடந்த பந்தயம். கடல் கொந்தளித்த அன்று படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த ஆழமான ‘வி’ அடிப்பாகம் கொண்ட ‘மோப்பி’ என்ற படகு மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்தது. அடிப்பலகை கிடைமட்டத்திலிருந்து 24 டிகிரி மேலேறும் அந்தக் கோணம்தான் ரகசியம். அலையை அறையாமல் கிழித்துக்கொண்டு போகும். மாடல் மோனோக்களும் ஏறக்குறைய இதே குடும்பம்.

காற்றடிக்கும் நீரில் இதற்கு நிகர் இல்லை. மெதுவாகப் போகலாம், நிறுத்தலாம், மறுபடி கிளப்பலாம், ஒன்றும் ஆகாது. பல மோனோக்களில் ஒரு பக்கம் தண்ணீர் புகும் அறை ஒன்று வைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தால் அந்த அறையில் நீர் நிறைந்து ஒரு பக்கம் கனக்கும், படகு தானாகப் புரண்டு நிமிரும். த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்தால் அறையில் இருக்கும் நீர் பின்வழியாக ஒழுகிப் போய்விடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

குறை என்ன? நனையும் பரப்பு அதிகம், அதனால் அதே மோட்டாருக்கு வேகம் குறைவு. உச்ச வேகத்தில் இடமும் வலமும் மாறி மாறித் தள்ளாட ஆரம்பிக்கும், இதை ‘சைன் வாக்’ என்பார்கள். பின்னால் இருக்கும் ட்ரிம் டேப் என்ற சிறு தகடுகள் இரண்டையும் மயிரிழை கீழே வளைப்பது, பேட்டரியை ஒரு விரல் அகலம் முன்னே தள்ளுவது, இந்த இரண்டிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எடை மையம் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் 30 சதவீத இடத்தில் விழும்படி வைத்து ஆரம்பியுங்கள். அங்கிருந்து சில மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளித்தான் சரியான இடம் பிடிபடும்.

கேட்டமரான்

நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆகி, இரண்டு உடல் படகாகத் திரும்பி வந்திருக்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம்முடையதற்கு இரட்டை உடல் கிடையாது என்பது வேறு விஷயம். இதில் இரண்டு உடலுக்கும் நடுவே சுரங்கம் மாதிரி ஒரு வழி. வேகம் பிடித்ததும் அதற்குள் புகும் காற்று படகைத் தூக்கிக் கொடுக்கும், நனையும் பரப்பு சுருங்கும். அகலம் அதிகம் என்பதால் புரொபெல்லரின் முறுக்குவிசை படகை ஒரு பக்கம் சாய்ப்பதும் மோனோவை விடக் குறைவு. நேர்க்கோட்டில் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும்.

வினை எங்கே என்றால், கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். அகலம்தான் பலம், அந்த அகலமே தலைகீழாகவும் அதை ஆடாமல் மிதக்க வைக்கிறது. ஒருமுறை என் கேட்டமரான் எதிரே வந்த படகின் அலையில் ஏறி, வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏரி நடுவில் படுத்தது. காற்று எதிர்க்கரைக்கு வீசியது. அது அங்குலம் அங்குலமாக நகர்ந்து கரை சேர இரண்டு மணி நேரம், நான் சுற்றி நடந்து போக அரை மணி நேரம். நல்ல வேளை, உடலுக்குள் நுரைப்பஞ்சு திணித்திருந்தேன், மூடிக்குச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தேன். இவை இரண்டும் இல்லாமல் எந்தப் படகையும் தண்ணீரில் விடாதீர்கள். நீந்திப் போய் எடுக்கவும் கிளம்பாதீர்கள். தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்து கட்டி வீசி இழுக்கலாம், மெதுவாகப் போகும் மீட்புப் படகு இருந்தால் இன்னும் நல்லது.

ஹைட்ரோவும் ரிக்கரும்

ஹைட்ரோபிளேன் தண்ணீரைத் தொடுவது மூன்றே இடத்தில். முன்னால் ஸ்பான்சன் எனப்படும் பக்க மிதவைகள் இரண்டு, பின்னால் புரொபெல்லர். ஆமாம், பின்பக்கத்தைத் தாங்குவதே பாதி முங்கிய புரொபெல்லர்தான். மூன்று முனைகளில் நிற்கும் இந்த ஏற்பாட்டின் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி ஆஸ்திரேலியர் கென் வார்பி. சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய ஜெட் படகில் 1978ல் மணிக்கு 511 கிலோமீட்டர் எட்டினார். அதே ஏற்பாட்டின் ஆபத்துக்குச் சாட்சி இங்கிலாந்தின் வேகச் சாதனையாளர் டொனால்ட் கேம்பெல். 1967 ஜனவரியில் கோனிஸ்டன் ஏரியில் அவருடைய ‘ப்ளூபேர்ட்’ மூக்கு நிமிர்ந்து, காற்றில் மல்லாந்து விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. நம் மாடல்களுக்கும் இதே நோய் உண்டு. மூக்கு சில டிகிரி நிமிர்ந்தால் போதும், அடிப்பக்கம் இறக்கை ஆகிவிடும், பிறகு யார் கையிலும் கட்டுப்பாடு இல்லை.

ரிக்கர் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த வடிவம். நடுவில் ஒடுங்கின தொட்டி, அதிலிருந்து குழாய்கள் நீட்டி, நுனியில் ஸ்பான்சன்கள். காற்று தூக்குவதற்குப் பரந்த பரப்பே இல்லை. அதே பேட்டரி, அதே மோட்டார், எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். திருப்பத்திலும் அசராது. வட அமெரிக்காவின் மாடல் படகுச் சங்கங்களான நாம்பா, இம்ப்பா விதிப்படி நீள்வட்டப் பந்தயம் கடிகாரச் சுற்றில் நடக்கும், எல்லாமே வலப்பக்கத் திருப்பம். அதனால் திருப்பத்தில் நீரைக் கவ்விப் பிடிக்கும் தகடு வலது ஸ்பான்சனில் மட்டும் இருக்கும். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும், அல்லது உருளும்.

ஆனால் ரிக்கர் ராஜா வீட்டுப் பிள்ளை. கண்ணாடி போன்ற நீர் வேண்டும். கிளம்பும்போது த்ராட்டில் கொடுத்தபடி கையால் வீசி விட வேண்டும். நடுவில் வேகம் குறைத்தால் தொட்டி மூழ்கி உட்கார்ந்துவிடும், மறுபடி எழுவது அதன் தயவு. அலை இருக்கும் ஏரிக்காரர் ரிக்கர் வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

இப்போது மோட்டார்

பிரஷ் மோட்டாரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கார்பன் பிரஷ் தேயும், கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும், ஈரத்தில் சீக்கிரம் கெடும். பழக மட்டும் என்றால் சரி. நைட்ரோ, பெட்ரோல் இன்ஜின்களின் சத்தமும் வாசமும் பிடித்தவர்களுக்கு எந்த ஒப்பீடும் எடுபடாது. எனக்கும் அந்த வாசம் பிடிக்கும். ஆனால் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருள், நீடில் வால்வைத் திருகித் திருகிக் கலவை பிடிப்பது, ஓட்டி முடித்ததும் துருப்பிடிக்காமல் எண்ணெய் விடுவது என்று அது ஒரு தனி விவசாயம். 26 சிசி பெட்ரோல் இன்ஜின் நீண்ட நேரம் ஓடும், ஆனால் அதைத் தாங்க ஒரு மீட்டருக்கு மேல் நீளமான உடல் வேண்டும்.

ஆகவே உண்மையான போட்டி பிரஷ்லெஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்ரன்னரா, அவுட்ரன்னரா? அவுட்ரன்னரில் வெளிக்கூடு சுற்றும். முறுக்குவிசை தாராளம், எடை குறைவு. ஆனால் சுற்றும் கூட்டுக்கு மேல் தண்ணீர்ச் சட்டை மாட்ட முடியாது, உள்ளே தேங்கும் நீரையும் வாரி இறைக்கும். இன்ரன்னரில் வெளிக்கூடு அசையாது. அலுமினியச் சட்டையைச் சுற்றிப் போட்டு, சுக்கான் வழியாக வரும் தண்ணீரை ஓடவிட்டால் சூடு போய்விடும். ரேஸ் படகுக்கு இன்ரன்னர்தான், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. படகு ஓடும்போது பக்கவாட்டில் பீச்சும் நீர்த்தாரையைக் கண் கொட்டாமல் பாருங்கள். தாரை நின்றால் பாசி அடைத்திருக்கிறது, உடனே கரைக்குக் கொண்டுவாருங்கள்.

மோட்டார் மேலே 3660, 3674 என்று எழுதியிருப்பது விட்டமும் நீளமும்: 36 மிமீ, 60 அல்லது 74 மிமீ. ஒரே கேவியில் இரண்டும் கிடைத்தால் நீளமானதை எடுங்கள். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது மட்டுமே, பலத்தின் அளவு இல்லை.

இங்கேதான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். 4எஸ் லிப்போ, அதாவது நான்கு செல் லித்தியம் பேட்டரி, 14.8 வோல்ட். 2000 கேவி மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 29,600 சுற்று, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று 3000 கேவி மாட்டினேன், புரொபெல்லரை மாற்றவில்லை. சுற்று ஒன்றரை மடங்கானால் புரொபெல்லர் கேட்கும் சக்தி ஒன்றரை மடங்கோடு நிற்காது, ஒன்றரையை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு ஏறி மூன்று மடங்கைத் தாண்டும். எழுபது ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் இருநூறுக்கு மேல் கேட்டிருக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியோ 120 ஆம்பியர்தான், இரண்டாவது சுற்றிலேயே மூடியின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை. கரைக்கு வந்து திறந்தால், கனெக்டரில் ஈயம் உருகிச் சொட்டி படகின் உள்தரையில் வட்டவட்டமாக உறைந்திருந்தது.

அன்றிலிருந்து என் கட்சி: செல் அதிகம், கேவி குறைவு. 1500 வாட் சக்திக்கு 3எஸ்ஸில் 135 ஆம்பியர் ஓட வேண்டும், 6எஸ்ஸில் 68 போதும். மின்னோட்டம் பாதியானால் ஒயரிலும் கனெக்டரிலும் ஏறும் சூடு கால்வாசி. பேட்டரி எடை கூடும் என்பது உண்மைதான். மோனோ அதைத் தாங்கும், சின்ன ரிக்கர் தாங்காது. ரிக்கருக்கு 3எஸ் அல்லது 4எஸ்ஸோடு நிற்கலாம், அதற்கு அவ்வளவு சக்தியே தேவைப்படாது.

வேகத்தை முன்கூட்டியே கணக்கிட ஒரு வழி. ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்442 புரொபெல்லர் 42 மிமீ விட்டம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரமான பிட்ச் அதில் 1.4 மடங்கு, அதாவது 58.8 மிமீ. 29,600 சுற்றால் பெருக்கினால் மணிக்கு 104 கிலோமீட்டர் வரும். இது தாளில் மட்டும். பாரத்தில் சுற்று குறையும், தண்ணீரில் வழுக்கும், 75 கிடைத்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். ஓட்டநேரமும் இப்படித்தான். 5000 எம்ஏஎச் பேட்டரியில் 80 சதவீதம் மட்டும் எடுத்து, சராசரி 80 ஆம்பியர் என்றால் மூன்று நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ரிமோட்டில் அலாரம் வையுங்கள். புதிய புரொபெல்லர் மாட்டினால் முதல் ஓட்டம் ஒரு நிமிடம் மட்டும், வந்ததும் மோட்டார், இஎஸ்சி, பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாமல் சுட்டால் விட்டத்தில் இரண்டு மிமீ குறையுங்கள்.

ஆக, யாருக்கு எது? முதல் படகு என்றால் 60, 70 செமீ மோனோ, 36 மிமீ இன்ரன்னர், 4எஸ், 2000 கேவி வாக்கில். ஓரளவு அமைதியான நீர், மீட்க ஒரு நண்பர், இரண்டும் இருந்தால் கேட்டமரான், 6எஸ்ஸில் 1300 கேவி அளவில். பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும், ஏரியும் காலையில் அசையாமல் கிடக்கும் என்றால் ரிக்கர். ஹைட்ரோ? அழகுக்காக வாங்குங்கள், தப்பில்லை.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். மோட்டாரையும் புரொபெல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் பாரம் ஏறும்போது முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும், புரொபெல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாகுக்கும் நடுவே ஐந்தாறு மிமீ இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒட்டி மாட்டினால் ஓட்டத்தில் அது ஸ்ட்ரட்டை இறுக்கி உரசும், கிரீஸ் கருகும், நீங்களோ மோட்டார் சரியில்லை என்று வேறு கேவி தேடிக்கொண்டிருப்பீர்கள்.