வேஷம் கலையும் இடம்: மாத்தூரா, தோவாளையா?

நாகர்கோவிலில் கல்லூரி முதலாமாண்டு படிக்கும் இருவர். அவள் தோவாளைக்காரி. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பத்துப் பையனின் முன்னால் ஊர்ப் பேச்சை ஒளித்துவைக்கிறாள். மரச்சீனி என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு மரவள்ளி என்கிறாள். எதைப் பார்த்தாலும் 'கொள்ளாம்' என்று சொல்லிப் பழகிய வாய், இப்போது 'சூப்பர்' என்கிறது. அவனோ, தனக்கு எதற்குமே பயமில்லை என்று அளந்துகொண்டிருக்கிறான். இப்படி ஓர் இலேசான காதல் கதையை எழுதினால், இருவர் வேஷமும் கலையும் காட்சியை எங்கே வைப்பது?

கன்னியாகுமரி வேண்டாம். 133 அடி வள்ளுவர் சிலையும், அதை விவேகானந்தர் பாறையோடு இணைத்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் அழகுதான். ஆனால், அங்கே வருகிறவர்கள் எல்லோரும் படத்துக்கு நிற்கிறார்கள். வேஷம் போட ஏற்ற இடம் அது. முதல் அத்தியாயத்தை அங்கே தொடங்கலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலம் உண்மையிலேயே ஆசை காட்டுகிறது. காமராசர் காலத்துத் திட்டம். 1966இல் கட்டி முடித்தார்கள். பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கால்வாய் நீர் போகிறது. பக்கத்திலேயே நடைபாதை. பாதி தூரத்தில் பையன் கீழே பார்க்கிறான், முழங்கால் ஆடுகிறது. ஒரு பாட்டி புல்லுக்கட்டோடு அவனைத் தாண்டிப் போகிறாள். "பைய வா மக்கா, கீழே பாக்காத!" என்று கத்துகிறாள் நம் பெண். கத்திய பிறகுதான், வந்தது எந்தப் பேச்சு என்று அவளுக்கே உறைக்கிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு பொய்யும் காலி. சிரிப்புக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இருந்தும் என் மனம் ஒப்பவில்லை. பதற்றத்தில் நழுவி விழுந்த உண்மை அது. நாளைக்கே 'ஏதோ வாய் தவறிவிட்டது' என்று மழுப்பிவிடலாம். தன்னைத் தானாகக் காட்ட ஒரு பெண் முடிவெடுப்பதல்லவா இந்தக் கதையின் உயிர்? அந்த முடிவுக்குத் தோவாளைதான் இடம் தருகிறது.

விடியுமுன்பே விழித்துவிடும் பூச்சந்தை அங்கே. பிச்சியும் மல்லியும் அரளியும் குவிந்து கிடக்கும். ஓணம் நெருங்கினால் கேரளத்து வியாபாரிகள் கூட்டம் நெரியும். அவள் வீட்டில் மாணிக்கமாலை கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்துப் பின்னினால், கல் பதித்த நகை போலப் பாய்விரிப்பாய் வரும் மாலை. 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த நொச்சி வாசனை போகவில்லையே என்று இத்தனை நாளும் பஸ்ஸில் விரல்களை மடக்கி வைத்திருந்தவள், ஒருநாள் அவளாகவே அவனை வீட்டுக்கு அழைக்கிறாள். தள்ளிவிட யாரும் இல்லை, வழுக்கிவிட எதுவும் இல்லை. அந்த அழைப்புக்கு அவள் எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் தயக்கத்தையே ஓர் அத்தியாயமாக எழுதலாம்.

தோவாளையில் ஓர் ஆபத்தும் உண்டு. மாலை கட்டும் நுணுக்கத்தில் மயங்கி, பக்கம் பக்கமாக விளக்கப் புகுந்தால் காதல் வாடிவிடும். பேச்சையும் அப்படியே, அளவாகத்தான் விட வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண். மலையாளம் கலந்த அதன் சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதினால், அவள் மறுபடியும் வெட்கப்படத் தொடங்கிவிடுவாள்.

அவளுடைய பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஒரு மணிநேரமாக நொச்சி இலையை மடித்துப் பார்க்கிறான். நாலு விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று கோணலாக வந்திருக்கிறது. அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "கொள்ளாம்."