மார்த்தாண்டத்துத் தேனீப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை செல்லும் வழியில் உள்ள ஒரு சிறிய தச்சுப் பட்டறையில், சென்ற ஐப்பசி மாதம் இரண்டு தேனீப் பெட்டிகளையும் அவற்றுக்கான இரண்டு தேனீக் கூட்டங்களையும் வாங்கினேன். ஒரு ரப்பர் தேன் பருவமும் இரண்டு மழைக்காலங்களும் கடந்துவிட்ட நிலையில், அந்தப் பெட்டிகளைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் இதை எழுதுகிறேன். பட்டறை நடத்துவோர் விளம்பரத்தை விரும்பாதவர்கள். ஆகவே பெயரைத் தவிர்க்கிறேன்.

இதற்கு முந்தைய ஆண்டு வேறோர் இடத்திலிருந்து இணையவழியாக ஒரு பெட்டியை வரவழைத்திருந்தேன். புதிய வடிவமைப்பு என்று சொல்லி விற்கப்பட்ட பெட்டி அது. பக்கச் சுவரில் கண்ணாடிச் சன்னல், கூரையில் கம்பிவலை போட்ட காற்றுத் திறப்பு, பளபளப்பான வண்ணப் பூச்சு என்று பார்க்க அழகாகவே இருந்தது. தேனீக்கள் குடியேறி ஒன்றரை மாதம் ஆனபின் திறந்தபோதுதான் குறை தெரிந்தது. தேனீக்கள் அடை கட்டுவதற்காக உள்ளே தொங்கவிடும் மரச்சட்டங்களின் ஓரத்துக்கும் பெட்டியின் உட்சுவருக்கும் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. அந்த இடத்தைத் தேனீக்கள் வீணாக்கவில்லை. சட்டத்தையும் சுவரையும் பிணைத்துக் குறுக்கே அடை கட்டிவிட்டன. ஒரு சட்டத்தைத் தூக்கினால் இரண்டு அடைகள் கிழிந்தன. புழுக்களும் தேனும் அடிப்பலகையில் சிந்தின. அன்று மாலைக்குள் எறும்பு வந்து சேர்ந்தது. ஆனி மாதச் சாரல் கூரைத் திறப்பின் வழியாக உள்ளே இறங்கியது. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் செய்திருந்ததால் பலகையில் துளைப்பான் வண்டு விழுந்து மாவு கொட்டியது. ஒருநாள் காலை பெட்டி காலியாகக் கிடந்தது. தோற்றத்துக்குக் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அந்த இடைவெளிக்குக் காட்டியிருந்தால் கூட்டம் நின்றிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அருமனைச் சாலைப் பட்டறையில் நான் முதலில் கேட்டதும் அந்த இடைவெளியைப் பற்றித்தான். பட்டறையின் மூத்த ஆசாரி பதில் சொல்லாமல், சுவர் ஆணியில் தொங்கிய கறுத்த மரத்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய தகப்பனார் காலத்து அளவுக்கட்டையாம். அதை ஒரு சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் செருகி, இறுகாமலும் தளராமலும் நிற்பதைக் காட்டிவிட்டு, “மக்களே, பலகையில எத்தன வித்தை வேணும்னாலும் காட்டலாம்; இந்த இடத்துல மட்டும் கைவைக்கப்பிடாது” என்றார்.

அந்தக் கட்டையின் தடிமனுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்விட்சர்லாந்தில் பார்வையற்றவரான பிரான்சுவா யூபர், புத்தகத்தின் ஏடுகளைப் போல விரித்துப் பார்க்கும் தேன்கூட்டுச் சட்டங்களை அமைத்து, உதவியாளரின் கண்களைக் கொண்டு தேனீக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். சைலீசியப் பாதிரியார் யோகான் ஜியர்சன், மேற்சட்டங்களில் அடை கட்டவைத்து அவற்றைத் தனித்தனியே வெளியே எடுக்கும் பெட்டிகளைச் செய்தார். ஆனால் அடையின் ஓரங்களைச் சுவரிலிருந்து கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் போதகரான லோரென்சோ லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டுகொண்டது மிகச் சிறிய செய்தி: தேனீக்கள் ஏறத்தாழ ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குள்ள இடைவெளியைத் தம் நடைபாதையாக விட்டுவைக்கும், அதைவிட அகன்றால் அடை கட்டும், குறுகினால் அடைத்துவிடும். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் அவர் ஏற்கெனவே விட்டுவந்த அந்த இடத்தைச் சட்டத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் விரித்தார். கத்தியின் தேவை தீர்ந்தது. 1852இல் காப்புரிமையும் பெற்றார். அதனால் அவருக்குப் பெரிய வருவாய் ஒன்றும் வரவில்லை என்பது தனிக்கதை. எவரும் எளிதில் செய்துகொள்ளக்கூடிய பொருளுக்குக் காப்புரிமை எடுப்பவர்களின் கதி பெரும்பாலும் அதுதான்.

அதன்பின் வந்தவை எல்லாம் அந்த நகரும் சட்டத்தின் மேல் ஏறி நின்றவை. 1857இல் ஜெர்மனியின் யோகான்னஸ் மேரிங், அறுகோணப் பதிவுள்ள மெழுகுத் தாளை அச்சிட்டுச் சட்டத்தில் பொருத்தினார். தேனீக்கள் அந்தப் பதிவைப் பின்பற்றி நேராக அடை கட்டின. 1865இல் பிரான்ஸ் ஹ்ருஷ்கா, சட்டத்தைச் சுழற்றி அடையை உடைக்காமல் தேனைப் பிரிக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். சுவரோடு ஒட்டிய அடையைச் சுழற்ற வழியில்லை; எனவே லாங்ஸ்ட்ராத்தின் இடைவெளி இல்லாமல் இந்தக் கருவிக்கு வேலையே இருந்திருக்காது. பானையிலும் மரப்பொந்திலும் கட்டிய அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிந்த காலம் அப்படித்தான் முடிவுக்கு வந்தது.

ஆனால் இவை அனைத்தும் ஐரோப்பியத் தேனீயின் உடலுக்கு அளந்தவை. நம் ஊர் இந்தியத் தேனீ அதைவிடச் சிறியது; அதன் கூட்டத்தின் எண்ணிக்கையும் குறைவு. பெரிய பெட்டியில் வைத்தால் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் கூட்டம் நலியும். 1910களில் தென்னிந்தியாவில் பணியாற்றிய நியூட்டன் என்ற பாதிரியார், லாங்ஸ்ட்ராத்தின் கோட்பாட்டைக் கைவிடாமல் பெட்டியைச் சுருக்கினார். கீழே புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை என்று அவர் வகுத்த வடிவமே இன்றும் நம் தோட்டங்களில் ரப்பர் மரங்களின் அடியில் நிற்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமப்புற மறுசீரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் தேனீ வளர்ப்பைச் சிறு விவசாயிகளின் துணைத் தொழிலாகப் பரப்பியது. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. தேன் என்றாலே மார்த்தாண்டம் என்று இன்று மக்கள் சொல்வதன் வேர் அந்த மையத்தில்தான் இருக்கிறது.

இனி நான் வாங்கிய பெட்டிக்கு வருகிறேன். உடல் முழுவதும் அயனி மரப் பலகை; மூட்டுகளில் ஆணியோடு கோத்துச் சேர்த்த வேலையும் இருப்பதால், இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகும் எந்த மூலையும் விரியவில்லை. உட்புறத்தில் எந்தப் பூச்சும் இல்லை, அதுவே சரி. சட்டங்களை இரு பெட்டிகளுக்கிடையே மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட இடிக்கவில்லை. பெட்டி வாங்குவோர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவென்பேன், ஏனெனில் கூட்டத்தைப் பிரிக்கும்போதும் வலுவிழந்த கூட்டத்துக்கு முட்டை அடை கொடுக்கும்போதும் சட்டம் பெட்டிக்குப் பெட்டி செல்ல வேண்டும். ஓராண்டில் சட்டத்துக்கு வெளியே கட்டிய பிசிறு அடையை நான் வெட்டியது இரண்டே முறை. இரண்டும் மூடிக்கு அடியில் கட்டியவை.

இந்தப் பட்டறை தானாகச் சேர்த்தவையும் உண்டு. ஆசாரியின் மகன் அடிப்பலகையைத் தனியே இழுத்தெடுக்கும் இழுப்பறைபோல மாற்றியிருக்கிறார். மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அடியில் விழும் மெழுகுத் துகளிலும் வளரும் என்பதால், பெட்டியைத் திறந்து கூட்டத்தைக் கலைக்காமல் வாரம் ஒருமுறை பலகையை உருவித் துடைக்க முடிவது பெரிய வசதி. நுழைவாயிலைச் சுருக்க ஒரு சிறு மரச்சட்டம் தந்திருக்கிறார். பூ இல்லாத ஆடி, ஆவணியில் சர்க்கரைப் பாகு ஊட்டும்போது மற்றக் கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வருவதை அது தடுத்தது. கூரைத் தகட்டை முன்புறம் நான்கு விரல் நீட்டியிருப்பதால் தென்மேற்குச் சாரல் வாயிலில் விழுவதில்லை. இவை எதுவும் உள்ளளவைத் தொடவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றக்கூடாது என்று அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கிறது; முந்தைய பெட்டியைச் செய்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளும் தேவை தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியைத் தாங்கும் கால்களின் நீர்க்கிண்ணங்கள் மிகச் சிறியவை. வெயில் நாளில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றாவிட்டால் எறும்பு ஏறிவிடுகிறது. நான் கிண்ணங்களை மாற்றிவிட்டேன். சொன்ன நாளில் பெட்டி கிடைக்கவில்லை. மூன்று வாரம் தாமதம். விலை முந்தைய பெட்டியைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அயனிக்கு அந்த விலை நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

தேனீக் கூட்டங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து பை நோய் எனப்படும் வைரஸ் தென்னிந்தியாவில் பரவியபோது, இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் நிரம்பிய பைபோலச் செத்துக் கிடக்கும் நோய் அது; பல குடும்பங்கள் வெற்றுப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயின. பெருந்தொகையான பெட்டிகளை ஓரிடத்தில் நெருக்கி வைப்பதும் பூப்பருவத்துக்கேற்ப ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதும்தான் மார்த்தாண்டத்தின் தொழிலைப் பெரிதாக்கின. நோய் விரைந்து பரவவும் அவையே வழி செய்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. தொழில் திரும்பியது, தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து பிரித்துப் பெருக்கியதால். இந்தப் பட்டறையில் தரும் கூட்டங்களும் அப்படிப் பிழைத்தவற்றின் வழியில் வந்தவை என்கிறார்கள். என் இரண்டு கூட்டங்களில் ஒன்று மிகச் சுறுசுறுப்பானது. மற்றொன்றில் ராணி முதிர்ந்தது போலும், மாசி வரை முட்டை அடை திருப்தியாக இல்லை. அதைச் சொன்னபோது, காசு கேட்காமல் மூடிய ராணி அறை ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார்கள். விற்பனைக்குப் பிந்தைய சேவையில் இதைவிட வேறென்ன கேட்பது.

ரப்பர் மரங்கள் மார்கழி, தையில் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளந்துளிரின் காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் மதுரம் சுரக்கிறது. பூவிலிருந்து வருவது அல்ல இது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை. தை முதல் பங்குனி வரை நீளும் அந்தப் பருவத்தில் வலுவான பெட்டியிலிருந்து ஆறு கிலோ எடுத்தேன். முதல் முறை அவசரப்பட்டேன்; அறைகளில் பாதிகூட மெழுகால் மூடப்படாத சட்டங்களைச் சுழற்றிவிட்டேன். அந்தத் தேன் நீர்த்து, இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளித்தது. உணவுப் பாதுகாப்பு விதி தேனின் ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குள் நிறுத்துவதன் காரணம் அந்தப் புட்டியைத் திறந்தபோது மூக்குக்கு விளங்கியது. அடுத்த முறை முக்கால் பங்கு மூடும்வரை காத்திருந்தேன். அது இன்றுவரை கெடவில்லை.

பட்டறையிலேயே தேனும் விற்கிறார்கள். இதில் எனக்கு மனக்குறை உண்டு. தேன் நன்றாகவே இருக்கிறது. வெளிர் நிறம், மென்மையான இனிப்பு, ரப்பர் தேனுக்குரியபடி சில வாரங்களில் உறைந்துவிட்டது. உறைவதைக் கலப்படம் என்று கருதுவோர் இன்னும் இருக்கிறார்கள். ரப்பர் தேனில் குளுக்கோஸ் மிகுதி என்பதால் அது இயல்பு. என் குறை புட்டியின் மேல் ஒட்டிய பெயர்த்தாளைப் பற்றியது. “மார்த்தாண்டம் தேன்” என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்; எந்த மாதம் எடுத்தது, ரப்பர்த் தோட்டத்திலா, புளி, தென்னை உள்ள இடத்திலா, ஈரப்பதம் எவ்வளவு என்ற எதுவும் இல்லை. கேட்டேன். ஊர்ப்பெயரே போதும், நூறு வருடமாக எல்லோரும் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள் என்று கடைப்பக்கம் இருந்த பெண்மணி சொன்னார். பெட்டி செய்யும் பக்கத்தில் அளவுக்கட்டையை ஒவ்வொரு சட்டத்திலும் செருகிச் சரிபார்க்கிறார்கள்; தேன் விற்கும் பக்கத்தில் முன்னோர் ஈட்டிய பெயரை ஒட்டி வைத்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டையும் பார்ப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவும் சற்று வருத்தமாகவும் இருந்தது. தேனுக்கு மூன்று மதிப்பெண், பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை என்பேன்; அந்த அரை, நீர்க்கிண்ணங்களுக்காகவும் மூன்று வாரத் தாமதத்துக்காகவும்.

வாங்க நினைப்பவர்கள் புரட்டாசியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள். கூட்டம் ஐப்பசியில் குடியேறினால்தான் தையில் துளிர் வரும்போது தேன் அறை வைக்கும் அளவுக்குப் பெருகியிருக்கும். கார்த்திகை கடந்து வந்தால் அந்தப் பருவத்துத் தேனை மறந்துவிட வேண்டியதுதான். நான் மூன்றாவது பெட்டிக்குச் சொல்லிவிட்டேன், கிண்ணங்கள் மட்டும் என் செலவில், வாய் அகன்றவையாக.