குமரி மாவட்ட ஈரத்தில் மத்தியதரைக்கடல் ஐசோபாட்: ஜீப்ராவா, ஸ்பெயின் பெருவகையா?

வறண்ட நிலத்து ஐசோபாட் (மட்கிய சருகும் மரமும் தின்று வாழும், ஓடுள்ள சிறு உயிர்) வளர்க்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரண்டு வகைகள்தாம் வந்து நிற்கின்றன. ஒன்று, தென் பிரான்சைச் சேர்ந்த ஆர்மடில்லிடியம் மாகுலாட்டம். கறுப்பு உடலில் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் ஓடுவதால் வளர்ப்போர் இதை ஜீப்ரா என்றே அழைக்கிறார்கள். மற்றொன்று, தென் ஸ்பெயினைச் சேர்ந்த போர்செல்லியோ ஹாஃப்மன்சேகி, 3 செ.மீ.யைத் தாண்டி வளரும், கரிய தட்டையான உடலின் விளிம்பு வெளிறியிருக்கும், ஆணின் பின்புறத்தில் ஈட்டி போன்ற இரண்டு நீட்சிகள் இருக்கும். நான் வாங்கியது ஜீப்ரா. இன்னொரு முறை வாங்க நேர்ந்தாலும் அதையே வாங்குவேன். போர்செல்லியோவைத் தக்கலையில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்துப் பழகியதோடு சரி என்பதால், அதைப் பற்றி இங்கே சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்வைக்கு எது மேல் என்று கேட்டால், தயக்கமில்லாமல் போர்செல்லியோதான். விலையும் அதற்கே கூடுதல். தீனியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை: மட்கத் தொடங்கிய பலா இலையும் பாதாம் இலையும் அன்றாட உணவு, உளுத்துப்போன மரத்துண்டு ஒன்று எப்போதும் பெட்டியில் கிடக்க வேண்டும், உப்பில்லாத சென்னாக்கூனியை அவ்வப்போது சிட்டிகை அளவு தூவினால் போதும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக வெளிநாட்டுப் பொருள் எதையும் தேட வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை வாங்கி, ஒரு துண்டை உடைத்துப் போட்டால் அதுவே கரையும் வரை இருக்கும். வாழைத் தோட்டம் போன்ற, மருந்தடிக்கும் இடங்களின் சருகை மட்டும் எடுக்கக் கூடாது.

ஆகவே தேர்வைத் தீர்மானிப்பது அழகோ தீனியோ அன்று. நம் மாவட்டத்தின் காற்றில் பெட்டியைப் பராமரிக்கும் வேலைதான். ஐசோபாட் பூச்சி அன்று, நண்டுக்கும் இறாலுக்கும் உறவான உயிர். பூச்சிகளுக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சு இதன் ஓட்டின்மேல் இல்லாததால், உடலின் நீர் எளிதில் வெளியேறிவிடுகிறது. ஒன்றை உள்ளங்கையில் மல்லாத்திப் பார்த்தால், வயிற்றின் பின்பகுதியில் இரண்டிரண்டாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதாம் அதன் நுரையீரல்கள். அவற்றுக்கு ஈரமும் வேண்டும், ஓடும் காற்றும் வேண்டும். மத்தியதரைக்கடல் கரைகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை முழுவதும் மேல்மண் காய்ந்து கிடக்கிறது, ஆனால் கல்லுக்கு அடியில் சிறிது ஈரம் தங்குகிறது. வறண்ட இடத்து உயிர் என்பதற்குத் தண்ணீரே வேண்டாத உயிர் என்று பொருள் கொண்டு, முழுப் பெட்டியையும் காயவிட்டு இழந்தவர்கள் உண்டு. ஒரு மூலையில் நனைந்த பாசி, மற்ற இடமெல்லாம் உலர்ந்த மண்ணும் சருகும், நடுவே அவை விரும்பியபடி நகர்ந்துகொள்ள இடம் என்பதே சரியான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை அங்கே கோடை பார்த்துக்கொள்கிறது. இங்கே நாம்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையுமாக, இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அந்த மாதங்களில் பெட்டியின் உலர்ந்த பக்கம் தானாக உலர்வதே இல்லை. தேங்காய் நார்த்தூளைத் தனியாகப் பரப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அது குடித்த நீரை எளிதில் விடாது. செம்மண்ணும் சுண்ணாம்புக் கல் பொடியும் கலந்தால் தேவலை. பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்றைத் தாழ்வாகவும் மற்றொன்றை உயரமாகவும் வெட்டி, துருப்பிடிக்காத கம்பி வலை ஒட்டினால் காற்று குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் துளையிடுவது போதாது. மழை நாட்களில் நான் உலர்ந்த பக்கத்தில் தண்ணீர் தெளிப்பதை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாசியின் அடியில் மட்டும் சில துளிகள் விடுகிறேன். சருகில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் அந்தச் சருகை மாற்றிவிடுகிறேன். எறும்புக்காகப் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைப்பது, நம் வீடுகளில் சீனி டப்பாவுக்குச் செய்வதுதான்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் பெட்டி காய்ந்திருக்கும் அல்லது புழுங்கியிருக்கும். அந்தத் தவற்றை எது பொறுக்கிறது என்பதே என் தேர்வுக்குக் காரணம். ஜீப்ரா உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். மென்மையான அடிப்பகுதி உள்ளே அடங்கிவிடுவதால் நீரிழப்பு குறைகிறது, வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது. ஈரம் கொஞ்சம் கூடினாலும் அது சோர்ந்துவிடுவதை நான் காணவில்லை. போர்செல்லியோவால் சுருள முடியாது, ஓடி ஒளிய மட்டுமே முடியும்; காற்றோட்டம் குறைந்தால் முதலில் வாடுவதும் அதுதான். நண்பர் சிறிய கணினி விசிறி ஒன்றைப் பெட்டியருகே ஓடவிட்டுத்தான் மழைக்காலத்தைக் கடத்துகிறார். மின்சாரம் போகும் இரவுகளில் அவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காவல் இருப்பதைக் கேலி செய்யாதவர் எங்களில் இல்லை. போதாக்குறைக்கு, போர்செல்லியோவின் ஆண்கள் இடத்துக்காக ஒன்றையொன்று விரட்டுவதால் பெரிய பெட்டியும் நிறைய மரப்பட்டைகளும் தேவைப்படுகின்றன.

இந்தக் கணக்கு மாவட்டம் முழுவதற்கும் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓயாமல் அடிக்கிறது. தோவாளைப் பக்கம் குழித்துறை அளவுக்கு மழையும் இல்லை. அங்கே சன்னலோர அறை ஒன்று இருப்பவருக்குப் போர்செல்லியோ என் எழுத்து காட்டும் அளவுக்குச் சிரமம் தராமல் போகலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு உள்ளவர்கள் ஜீப்ராவோடு தொடங்குவதே நல்லது.

எதை வாங்கினாலும் வளர்ந்தவற்றை வாங்காமல் பத்துக்குக் குறையாத குஞ்சுகளாக, மாசி பங்குனியில் வாங்குங்கள்; சாரல் தொடங்குவதற்குள் அவை மண்ணுக்குப் பழகி, ஓரிரு முறை தோலுரித்திருக்கும். பின்பாதி ஓடு முதலிலும் முன்பாதி பிறகுமாகக் கழன்று விழும் அந்த நாட்களில் பெட்டியைக் கிளறக் கூடாது, கழன்ற ஓட்டை எடுத்தெறியவும் கூடாது, ஏனென்றால் அதை அவையே தின்றுவிடும்.