பழைய போர் விமானத்தைப் படமெடுக்க: 24 மி.மீ. லென்ஸா, 100 மி.மீ. லென்ஸா?

திறந்தவெளி விமான அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு லென்ஸைத்தான் எடுத்துச் செல்லலாம் என்றால் எதை எடுப்பது? பெரும்பாலோர் 24 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸ் என்பார்கள். விமானம் பெரியது, முழுதாகப் படத்துக்குள் வர வேண்டும் என்பது அவர்கள் நியாயம். என் கை போவது நீண்ட லென்ஸான 100 மி.மீ. பக்கம். ஆனாலும் 24 மி.மீ. லென்ஸ் தெளிவாக வெல்லும் இடங்கள் இருக்கின்றன.

முதலில் கணக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்கு விமானமான டகோட்டாவின் நீளம் 19 மீட்டருக்குச் சற்று அதிகம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் கொண்டது) 24 மி.மீ. லென்ஸை மாட்டிப் பக்கவாட்டில் நின்றால், மூக்கு முதல் வால் வரை அடக்க 13 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 100 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 54 மீட்டர் வேண்டும். மற்ற நிறை குறைகள் எல்லாம் இந்த இடைவெளியில் இருந்துதான் பிறக்கின்றன. செல்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 மி.மீ.க்கு ஒப்பானது.

அருகில் நின்று சாய்வாகப் பார்த்தால் மூக்கு ஊதிப் பெருக்கிறது, வால் சுருங்கிவிடுகிறது. இதற்கு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது, நிற்கும் தூரம்தான் காரணம். எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 16.7 மீட்டர்; இறக்கையோ முனைக்கு முனை 6.6 மீட்டர்தான். அந்த விமானத்தின் அழகே இந்த விகிதத்தில் இருக்கிறது. மூக்கருகே நின்று 24 மி.மீ.யில் எடுத்தால் ஈட்டி போன்ற முனை படத்தை அடைத்துக்கொள்ளும், குட்டை இறக்கை இருக்கும் இடமே தெரியாது. தள்ளி நின்று 100 மி.மீ.யில் எடுத்தால் வடிவமைத்தவர்கள் நினைத்த உருவம் அப்படியே வந்து நிற்கும். கோர்சேர் போர் விமானத்தின் வளைந்த இறக்கையும் அப்படித்தான். நேர் முன்னால், 35 மீட்டர் தொலைவில், தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து எடுத்தால்தான் அந்த வளைவு கீழிறங்கி மேலேறுவது சரியாகத் தெரியும்.

நீண்ட லென்ஸுக்குக் கேடு நண்பகலில் வருகிறது. கொதிக்கும் கான்கிரீட் தரைமேல் 54 மீட்டர் காற்று நெளியும்போது ரிவெட்டுகள் குழைந்துபோகும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் இதைச் சரிசெய்ய முடியாது. காலையில் தரை சூடேறும் முன் எடுத்துவிட வேண்டும். 13 மீட்டரில் இந்தத் தொல்லை கண்ணில் படுவதே அரிது. அதோடு, தள்ளிப் போகப் போக இடையில் தகவல் பலகைகளும் பார்வையாளர்களும் குறுக்கே வருகிறார்கள்.

பின்னணி விஷயத்தில் 24 மி.மீ.க்கே என் ஓட்டு. இத்தகைய அருங்காட்சியகங்களில் விமானங்களை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து எடுத்தால், பின்னால் நிற்கும் விமானத்தின் வால் நம் விமானத்தின் முதுகில் முளைத்தது போல விழும். தடுப்புக் கயிற்றை ஒட்டிக் குந்தி, கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி அகலக்கோணத்தில் பாருங்கள்: வேலி, விளக்குக் கம்பம், அடுத்த விமானம் எல்லாம் இறக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மேலே வானம் மட்டும் மிஞ்சும். சக்கரக் குழிக்குள் ஓடும் குழாய்களையும், திறந்திருக்கும் குண்டு அறையின் உட்புறத்தையும் காட்டவும் இதுவே சரி.

பி-52 குண்டுவீச்சு விமானம் போன்ற ராட்சதனுக்கு வேறு வழியும் இல்லை. சுமார் 48 மீட்டர் நீளத்தை 100 மி.மீ.யில் அடக்க 130 மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும். அவ்வளவு வெற்றிடம் எங்கே கிடைக்கிறது? ஆனால் அதே விமானத்தின் முன்னுடலில், காக்பிட்டுக்குப் பின்னால், தோல் சாய்வாகச் சுருக்கம் விழுந்திருக்கும். தரையில் நிற்கும்போது முன்னுடலின் எடை மெல்லிய தகட்டை மடிக்கிறது. மாலைச் சாய்வெளிச்சம் அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் நேரத்தில் 100 மி.மீ. லென்ஸ் கையில் இருக்க வேண்டும். முழு விமானப் படம் பத்தைவிட அந்தச் சுருக்கங்கள் ஒரு படத்தில் வந்தால் எனக்குப் போதும். வெளிறிய எச்சரிக்கை எழுத்து, எஞ்சின் மூடிக்கு அடியில் வழிந்து காய்ந்த எண்ணெய்க் கோடு, மேல் பூச்சு உரிந்து எட்டிப் பார்க்கும் பழைய படையின் சின்னம் என்று கயிற்றுக்கு அப்பால் இருப்பவை எல்லாம் நீண்ட லென்ஸுக்கே எட்டும்.

போலரைசர் (எதிரொளிப்பைக் குறைத்து வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் வடிகட்டி) மாட்டுபவர்கள் கவனிக்க: அகலக்கோணத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் திட்டாகிவிடும். 100 மி.மீ.யில் நிறம் சீராக இருக்கும். ஆனால் இரண்டிலுமே காக்பிட்டின் அக்ரிலிக் கூரையில் வானவில் பட்டைகள் தோன்றலாம். வெற்று அலுமினியத்தின் பளபளப்பையோ போலரைசர் பெரிதாகக் குறைக்காது. பூச்சு இல்லாத விமானங்களுக்கு அதைக் கழற்றிவிடுவேன். அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் உள்ளதைப் போல, வெயிலுக்குப் பயந்து காக்பிட் கண்ணாடிகளை வெள்ளைப் பூச்சால் மூடியிருந்தால், உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசையை எந்த லென்ஸும் நிறைவேற்றாது.

மேகமூட்டமான நாளில் அகலக்கோணத்தின் பலம் பாதியாகிவிடும். வெள்ளை வானம் படத்தை நிறைத்து, கேமராவின் ஒளிக்கணக்கை ஏமாற்றி விமானத்தைக் கறுப்பாக்கும். ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுக்க வேண்டியிருக்கும். 100 மி.மீ.யில் வானத்தைத் தவிர்த்துவிட்டு உடலின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். வெளிச்சம் மென்மையாக இருப்பதால் அலுமினியமும் கண்ணைப் பறிக்காது.